ஊருக்கெல்லாம் அம்மா, ஃபின்டனுக்குச் சித்தி

ஈட்டா கெர்ரிகன் இறந்தபோது டப்ளின் செய்தித்தாள் ஒன்றில் நான்கு வரி போட்டார்கள். பிறந்த ஊர் தப்பு. வயது தப்பு. பிள்ளைகள் இல்லை என்று போட்டதும் தப்பு. நடிகை என்று போட்டது மட்டும்தான் சரி.

அவளை எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். லிஃபி ஆற்றுக்கு வடக்கே ஒரு சின்ன நாடக அரங்கு இருந்தது. அங்கே உடுப்பு அறையில் எனக்கு வேலை. ஐம்பத்தைந்தாம் வருஷம் அக்டோபரில் ஒருநாள் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த கவுனை எடுத்து உடம்பில் வைத்துப் பார்த்தாள்.

"இடுப்புல பிடிச்சுத் தைக்கணுமே. போன தடவை போட்டவ என்னைவிட நல்லாச் சாப்பிட்டிருக்கா போல."

"அவ சம்பளம் வாங்கிச் சாப்பிட்டா. நீ இப்பதானே வந்திருக்க."

சிரித்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து சினேகிதம். அந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஃபிப்ஸ்பரோவில் என் அறையிலேயே குடிவந்துவிட்டாள். அவள் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் வெந்துகொண்டிருந்தபோது, அவளாகவே சொன்னாள்.

அவள் ராஸ்காமன் பக்கம் பாயில் என்ற ஊர்க்காரி. அப்பா ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர், அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். எட்டு வயது மூத்த அக்கா டிலியாதான் வளர்த்தாள். ஈட்டாவுக்குப் பதினேழு நடக்கும்போது, லாரியில் ஊர் ஊராகப் போகும் பர்செல் நாடகக் கம்பெனி பாயிலில் ஒரு வாரம் கொட்டகை போட்டது. நான்கு நாளும் போய்ப் பார்த்தாள். ஐந்தாம் நாள் கதாநாயகிக்குப் பொன்னுக்கு வீங்கி. முதலாளி பர்செல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவள் போய், "எனக்கு வசனமெல்லாம் தெரியும்" என்றாளாம்.

"எல்லா வசனமுமா?"

"உங்க வசனமும் தெரியும். ரெண்டாவது காட்சியில நீங்க தினமும் ஒரு வரியை விட்டுடுறீங்க."

அந்த லாரியிலேயே கிளம்பிவிட்டாள். டிலியா வழியனுப்ப வந்தவள் திட்டவில்லை. தன் கோட்டைக் கழற்றித் தங்கைக்குப் போட்டுவிட்டு, பனியில் வெறும் கம்பளிச் சட்டையோடு வீடு திரும்பினாள்.

கம்பெனியின் கதாநாயகன் மால்கி ப்ரோஃபி. லாரி ஓட்டுவதும் அவன்தான், விளக்கு மாட்டுவதும் அவன்தான். பத்தொன்பது வயதில் ஈட்டா அவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் ஃபின்டன் பிறந்தான். மேடைக்குப் பின்னால் உடுப்புக் கூடைக்குள் தூங்கி வளர்ந்த பிள்ளை. கடைசிக் காட்சியில் மால்கி இருமி இருமிச் சாகவேண்டிய நாடகம் ஒன்று இருந்தது. ஊருக்கு ஊர் அந்த இருமலுக்குக் கைதட்டினார்கள். ஒருநாள் திரை விழுந்தபிறகும் அவன் இருமிக்கொண்டே இருந்தான். கைக்குட்டை சிவப்பாயிருந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

ஈட்டாவுக்கு இருபத்திரண்டு, பிள்ளைக்கு இரண்டு. நோய் கண்ட லாரியில் பிள்ளையை வைத்துக்கொள்ள அவளுக்குப் பயம். டிலியா அப்போது டிப்பெரரியில் நீனா ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் மாட் கிளீரி இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். டிலியாவுக்கு மூன்று முறை கரு தங்கி மூன்று முறையும் கலைந்துபோயிருந்தது.

"ஒரு சீசன் மட்டும் வச்சுக்கோக்கா. ஈஸ்டருக்கு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"நீ எப்ப வேணா வா. அவன் இங்கதான் இருப்பான்."

ஈஸ்டருக்கு அவள் மேயோவில் எங்கேயோ ஒரு கொட்டகையில் இருந்தாள். அடுத்த ஈஸ்டருக்கு கம்பெனி கலைந்து கையில் வேலை இல்லை. அதற்கடுத்த ஈஸ்டருக்குத்தான் மர லாரி பொம்மை ஒன்றோடு நீனாவுக்குப் போனாள். பையன் டிலியாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "இது யாரும்மா?" என்று டிலியாவைத்தான் கேட்டான்.

டிலியா யோசிக்காமல், "சித்தி வந்திருக்காங்கடா, போய் முத்தம் குடு" என்றாளாம். சொன்ன கணமே முகம் சிவந்து தங்கையைப் பார்த்தாள்.

ஈட்டா முழங்காலிட்டு உட்கார்ந்து, "ஆமாண்டா. சித்திதான்" என்றாள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு என்னிடம், "அன்னைக்கு நான் வேற ஏதாவது சொல்லியிருக்கலாம் இல்ல, மோனா?" என்று கேட்டாள். முட்டைக்கோஸ் அடிப்பிடித்துவிட்டது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடையில் அவள் எப்படி என்று கேட்டால், அழகி என்று சொல்லமாட்டேன். மூக்கு நீளம், குரல் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் மேடை ஓரத்தில் தேநீர்த் தட்டோடு சும்மா நின்றாலும் ஜனம் அவளைத்தான் பார்க்கும். மற்ற நடிகைகளுக்கு அதில் எரிச்சல். "அவளுக்குத் தட்டைக் குடுக்காதீங்க, காட்சியையே எடுத்துட்டுப் போயிடுவா" என்று ஒருத்தி இயக்குநரிடம் முறையிட்டதை நானே கேட்டிருக்கிறேன். பெரிய வேஷங்கள் வந்தன, விமர்சகர்கள் நல்லதாக எழுதினார்கள், காலணியில் ஓட்டை அடைபடவில்லை. அந்தக் காலத்தில் டப்ளின் மேடை அப்படித்தான்.

ஐம்பத்தொன்பதில் வெளிநாட்டுப் படக் கம்பெனி ஒன்று விக்லோ கடற்கரையில் படம் எடுக்க வந்தது. கப்பலேறிப் போகும் மகனைத் துறைமுகத்தில் நின்று வழியனுப்பும் தாய் வேஷம் ஈட்டாவுக்குக் கிடைத்தது. நான்கு நாள் படப்பிடிப்பு. மூன்றாம் நாள் அவளுடைய அழுகையைப் பார்த்து கேமராக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். லண்டனுக்கு வா, இன்னும் படங்கள் இருக்கின்றன என்று இயக்குநர் தோளைத் தட்டினார். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள்.

"படம் வரட்டும். ஒரு வீடு பாக்கறேன். ரெண்டு ரூம், பின்னாடி கொஞ்சம் புல். அவனுக்கு ஒன்பது வயசு ஆகப்போகுது, இனிமே எனக்குப் பயமில்லை. அக்காகிட்டச் சொல்லிடுவேன்."

"அக்கா குடுப்பாளா?"

"குடுப்பா. அழுவா. ஆனா குடுப்பா."

மறுவருஷம் வசந்தத்தில் படம் நீனாவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. பூசை முடிந்த கையோடு பாதி ஊர் சினிமாக் கொட்டகையில். நானும் ஈட்டாவோடு போயிருந்தேன். மாட் கிளீரி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நடு வரிசையில் டிலியா, பக்கத்தில் தலையை நீர் தொட்டு வாரிய ஃபின்டன், அவனுக்கு அந்தப் பக்கம் ஈட்டா, கடைசியில் நான். பையன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டான்: "இப்பவா, சித்தி?"

"இல்லடா, இன்னும் கொஞ்சம்."

துறைமுகம் வந்தது. கப்பல் வந்தது. மகன் வேஷம் போட்டவன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். கூட்டத்தில் கறுப்புச் சால்வை போட்ட ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. மூன்று எண்ணும் நேரம். அப்புறம் கடல். அப்புறம் நியூயார்க்.

நான் ஈட்டாவின் கையைத் தேடிப் பிடித்தேன். ஐஸ் கட்டி. இன்னும் வரலாம் என்று நினைத்தேன், ஞாபகக் காட்சியாகவாவது வரும் என்று. வரவில்லை. விளக்குப் போட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், ஈட்டாவை நன்றாகத் தெரிந்தவன்தான், சத்தமாகச் சொன்னான்: "ஈட்டா, உன் முதுகு பிரமாதமா நடிச்சிருக்கும்மா!"

கொட்டகை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஊர்ச் சிரிப்பு. அவளும் எழுந்து திரும்பி, முதுகைக் காட்டி ஒரு கும்பிடு போட்டாள். இன்னும் சிரித்தார்கள். ஃபின்டன் மட்டும் சிரிக்கவில்லை. இருக்கையை விட்டு எழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எப்போ வருவீங்க, சித்தி?"

"வந்துட்டேனேடா."

"எங்க? நான் பாக்கலையே."

அன்று டிலியா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வீட்டைப் பற்றி ஈட்டா பேசவே இல்லை. டிலியா நாலைந்து தடவை தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை என்ன கேட்க வந்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு முழு சோடா ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துத் தங்கையை வெகுநேரம் கட்டிக்கொண்டாள்.

லண்டனிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

அறுபத்தைந்தில்தான் அவளுக்குக் காலம் திரும்பியது. தொலைக்காட்சியில் ஒரு கிராமத்துத் தொடர் ஆரம்பித்தார்கள். அதில் மிசஸ் லாலர் என்று ஒரு விதவை, நாலு மகன்கள், கொஞ்சம் நிலம். ஈட்டாவுக்கு முப்பத்து நாலு வயது. தலைக்கு வெள்ளைப் பூசி ஐம்பது ஆக்கினார்கள். ஒரே குளிர்காலத்தில் நாடு முழுக்க அவளுக்கு அம்மா என்று பேராகிவிட்டது. கறிக்கடையில், "உங்க சின்னவன் அந்தப் பொண்ணைக் கட்டக்கூடாது, மிசஸ் லாலர், அவ குடும்பம் சரியில்ல" என்பார் கடைக்காரர். ஒருநாள் பஸ்ஸில் ஒரு கிழவி இவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "என் மூத்தவன் இங்கிலாந்து போறேங்கிறாம்மா. நீங்க ஒரு வார்த்தை எழுதினா கேப்பான்." ஈட்டா எழுதினாள். அவன் போகவில்லை. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக அந்தம்மா பதில் எழுதினாள்.

கையில் நிரந்தர வேலை வந்ததும் டிரம்காண்ட்ராவில் வீடு பிடித்தாள். இரண்டு அறை, பின்னால் புல், மாடியில் எனக்கு ஓர் அறை. வீடு பிடித்த வாரமே நீனாவுக்குப் போய் டிலியாவிடம் கேட்டாள். டிலியா மறுக்கவில்லை. பையனைச் சமையலறையில் உட்காரவைத்து அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் பதினாலு வயது. கேட்டுவிட்டு எழுந்து போய், கடைக்குப் பின்னால் ஆணிச் சாக்குகள் இருக்கும் அறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து, இரண்டு பெண்களில் யார் முகத்தையும் பார்க்காமல் மாட்டிடம் சொன்னான்:

"நான் எங்கேயும் போகலப்பா. ஆனா அவங்க வந்தா வரட்டும்."

அந்த "வரட்டும்" ஒன்றை வைத்துக்கொண்டு ஈட்டா ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தாள். மாதத்துக்கு இரண்டு முறை நீனாவுக்குப் போனாள். அவன் அவளை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒருமுறை மேடையில் அழுவது நிஜ அழுகையா என்று கேட்டானாம். "பாதி நிஜம்" என்றாளாம் இவள். "எந்தப் பாதி?" என்று அவன் கேட்க, பஸ் வந்துவிட்டது. இதை என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

அப்புறம்தான் அந்தப் பேட்டி. சனிக்கிழமை மாலையில், பார்வையாளர்கள் முன்னால், நேரடி ஒளிபரப்பு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வீட்டு ஃபோன் அடித்தது. எடுத்தது நான். டிலியா. ஈட்டாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். டிலியாவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஈட்டா, அந்த ஆள் பிள்ளைங்களைப் பத்திக் கேப்பான். எல்லாரையும் கேக்கறான்."

"கேக்கட்டுமே அக்கா. நான் வெக்கப்படுறதுக்கு என்ன இருக்கு? மால்கியைக் கோயில்லதானே கட்டினேன்."

"உனக்கில்லடி. அவனுக்கு. இங்க பெரியவங்களுக்குத் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. பசங்களுக்குத் தெரியாது. நாளைக்கு ஸ்கூல்ல, டிவி அம்மா தூக்கிப் போட்ட பிள்ளைன்னு அவனைப் பிச்சிடுவாங்க. பரீட்சை வேற வருது. ஈட்டா, உன் கால்ல விழறேன். இந்த ஒரு தடவை."

ஈட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில், "அவன் டிவி பாப்பானா?" என்று கேட்டாள்.

"மாட்டான். மாடியில படிக்கச் சொல்லியிருக்கேன்."

தொலைக்காட்சி நிலையத்தில் அவளுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். பேட்டியாளர் அவளைச் சிரிக்கவைத்தார், அவள் ஜனத்தைச் சிரிக்கவைத்தாள். அப்புறம் அவர் கேட்டார்: "நாட்டுக்கே அம்மா நீங்க. உங்களுக்குன்னு பிள்ளைங்க இருக்காங்களா?"

அவள் பாவாடை மடிப்பை நீவிவிட்டாள்.

"இல்லைங்க. மிசஸ் லாலரோட நாலு தடிப்பசங்களை மேய்க்கவே எனக்கு நேரம் சரியாயிருக்கு."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஒப்பனை அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைக்க வந்த பெண்ணை வேண்டாம் என்று கையமர்த்தினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நல்லாச் சொன்னேனா, மோனா?" என்றாள். நல்லாத்தான் சொன்னாள். அந்த மேடைத் திறமைதான் எமனாக வந்தது. கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட அவனுக்கு அது தெரிந்திருக்கும்.

ஏனென்றால் அவன் மாடியில் இல்லை. பக்கத்து வீட்டில், சினேகிதர்களோடு, அவளைப் பார்ப்பதற்காகவே போய் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த முறை அவள் நீனாவுக்குப் போனபோது தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான். அதற்கடுத்த முறையும். தான் கேட்டுக்கொண்டதால்தான் ஈட்டா அப்படிச் சொன்னாள் என்று டிலியா அவனிடம் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி ஈட்டாவும் கேட்கவில்லை. "சொன்னா அக்காமேல கோபம் வரும். அவனுக்கு வீட்டுல நிம்மதியா இருக்கணும்" என்றாள். என்னையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். டிலியாவைக் குறை சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளும் ஒரு தாய், பயந்துபோன தாய்.

அவன் படிப்பை முடித்து, மாட் போன பிறகு கடையை எடுத்து நடத்தினான். கிரெட்டா என்ற நல்ல பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. ஈட்டாவை அத்தை, சித்திகள் மேஜையில் உட்காரவைத்தார்கள். கிரெட்டாவின் சித்தி ஒருத்தி, "நீங்க மிசஸ் லாலர்தானே, உங்க பசங்க யாரும் வரலையா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். "வேலை இருக்காம், பாவம்" என்று இவளும் விளையாட்டாகவே சொன்னாள். சாப்பாட்டைத் தொடவில்லை.

எழுபத்தொன்பதில் தொடரை முடிக்க மிசஸ் லாலரைச் சாகடித்தார்கள். மூன்று சாக்கு நிறைய அனுதாபக் கடிதங்கள் வந்தன. மிசஸ் லாலரின் ஆன்மாவுக்கு நிஜமாகவே பூசை வைத்தவர்களும் உண்டு. நீனாவிலிருந்து டிலியா ஒரு கேக் அனுப்பினாள். வேறு எதுவும் வரவில்லை. அப்புறம் ஈட்டாவுக்குச் சின்னச் சின்ன வேஷங்கள்தான். எங்கே போனாலும் மிசஸ் லாலர் முகம் முன்னால் வந்து நின்றது. "செத்தவளுக்கு எவன் வேஷம் குடுப்பான்?" என்று சிரிப்பாள்.

எண்பத்து நாலில் டிலியா போனாள், நெஞ்சுவலி. அடக்கத்தன்று மயானத்தில் ஃபின்டன் ஒரு குழந்தையைப் போல் அழுதான். ஈட்டா இரண்டாம் வரிசையில் கையுறையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். வந்தவர்களுக்கு அவன் அறிமுகம் செய்தான்: "இது அம்மாவோட தங்கச்சி."

அது எனக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வருஷம் அடக்கி வைத்தது. வீட்டில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவனைக் கடைப்பக்கம் கூட்டிப்போய் ஃபோனில் நான் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன். உன் பரீட்சைக்காக, உன் மானத்துக்காகச் சொன்ன பொய்யடா அது என்றேன். அவன் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதை ஏன் இன்னைக்குச் சொல்றீங்க?"

"தெரியணும்னுதான்டா."

"எங்கம்மாவை இப்பத்தான் குழியில வச்சுட்டு வரேன். மண்ணுகூட இன்னும் காயல. இன்னைக்கா உங்களுக்கு நாள் கிடைச்சுது?"

கதவைத் திறந்து நான் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

ரயிலில் ஈட்டாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றுகூட எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"பாவி. அவனுக்குன்னு இருந்த ஒரே அம்மாவையும் கெடுத்துட்டியேடி."

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஒன்பது நாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நாங்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஈட்டா எடுத்தாள். ஃபின்டனின் குரல்.

"அங்க மழையா?"

"இல்லப்பா. மேகமாத்தான் இருக்கு. அங்க?"

"இங்க காலையிலேர்ந்து கொட்டுது."

"பாத்து. குடை எடுத்துட்டுப் போ."

"சரி."

வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டான். அதற்கடுத்ததும். மழை, காற்று, பனி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு. சில நாள் தன் பெண் குழந்தைக்குப் பல் முளைத்தது என்பான். மூன்று வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை, ஆனால் அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. சனிக்கிழமை இரவே இவள் வானொலியில் டிப்பெரரிக்கு வானிலை என்ன என்று கேட்டு வைத்துக்கொள்வாள். "அவன் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பாள். நேரில் போய்ப் பாரேன் என்று ஒருமுறை சொன்னேன். "கூப்பிட்டா போவேன்" என்றாள். அவன் கூப்பிடவில்லை. வரட்டும் என்று ஒருவேளை அவனும் காத்திருந்திருப்பான்.

எண்பத்தேழு நவம்பரில், ஒத்திகைக்குக் கிளம்பும்போது வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் நீனாவுக்கு ஃபோன் செய்தேன். அவன் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான் என்று கிரெட்டா பிறகு சொன்னாள். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்கு நாற்பது நிமிஷம் முன்பு ஈட்டா போய்விட்டாள். ஐம்பத்தாறு வயது.

கட்டிலருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முதல்முறையாக அவளை அவன் நிதானமாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அந்த நீள மூக்கு அவனுக்கும் இருந்தது.

"ஏதாவது சொன்னாங்களா?"

உன் பேரைச் சொன்னாள் என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. இந்தக் குடும்பத்தில் நல்லதுக்கென்று சொன்ன பொய்யும், நல்லதுக்கென்று சொன்ன உண்மையும் செய்த வேலை போதும் என்று தோன்றியது.

"இல்லப்பா. விழுந்ததுலேர்ந்து பேச்சே இல்லை."

தலையாட்டினான். அவள் கையை எடுக்கப் போனவன், எடுக்காமல், போர்வையை மட்டும் சரிசெய்துவிட்டான்.

அடக்கத்துக்கு எதிர்பார்க்காத கூட்டம். கோயில் வாசலில் நெருங்கிய உறவு நின்று கைகொடுக்க வேண்டும். அவன் தன் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தானாகவே போய் முதலில் நின்றான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வரிசையில் வந்த ஒரு வயதான அம்மா அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க யாருன்னு தெரியலப்பா. ஆனா எங்க எல்லாருக்கும் அவங்க அம்மா மாதிரி."

"எனக்கும் அப்படித்தாங்க," என்றான்.

அப்புறம் வீட்டுக்கு வந்தார்கள். ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும் கொடுத்தேன். அவள் நடித்த தொடரை எங்கேயாவது பார்க்க முடியுமா என்று கேட்டான். ஒளிநாடா விலை அதிகம் என்று பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்துவிடுவார்கள் என்றேன். மிசஸ் லாலர் எங்குமே இல்லை.

"மேடையில எப்படி இருப்பாங்க? நான் ஒரு தடவைகூடப் பாக்கல."

சொல்ல ஆரம்பித்தேன். தேநீர்த் தட்டோடு சும்மா நிற்பதைச் சொன்னேன். ஒரு நாடகத்தில் கடிதம் படித்துவிட்டு அழாமல் அதை நாலாக மடித்து வைப்பாள், மொத்தக் கொட்டகையும் அழும், அதைச் சொன்னேன். மடித்தும் காட்டினேன், ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து. எனக்கு வரவில்லை, வெறும் மடிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நடுநடுவே, "அப்புறம்?" என்றான்.

குழந்தை நாற்காலியில் தூங்கிப்போனது. இருட்டுவதற்குள் நீனா போய்ச் சேரவேண்டும் என்று எழுந்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிவரை போனவன் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை இந்த ஃபோன் இங்கேயேதான் இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன்.